சாமி அலமாரிக்குள் அடைபட்ட சுவிட்ச்

அனுப்புநர்:
சு. லோகேஸ்வரி,
காப்பார் சாலை, கிள்ளான்.

பெறுநர்:
தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
ஷா ஆலம், சிலாங்கூர்.

பொருள்: வெண்தாரகை லாண்டரியில் தேய்க்கும் இயந்திரத்தின் மின்துண்டிப்புச் சுவிட்ச் மறைக்கப்பட்டிருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் மேற்கண்ட லாண்டரியில் வேலை செய்தவள் நான். தைப்பூசத்துக்கு மறுநாள் அங்கே தாமரை என்ற பெண்ணின் வலது கை நசுங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். கம்பெனி தங்களுக்குக் கொடுத்த அறிக்கையில் அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று இருப்பதாக அறிகிறேன். அது பொய்.

1. அந்த இயந்திரத்தில் சூடான இரண்டு உருளைகள் சுற்றும். துணி சிக்கினால், பக்கத்துச் சுவரிலுள்ள சுவிட்ச்சை இறக்கிப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே கை விட வேண்டும். இயந்திரத்தைப் பொருத்திய மெக்கானிக் சொன்னது இது. நாங்களும் அப்படியே செய்து வந்தோம்.

2. சென்ற ஆண்டு ஆயுத பூசையில் எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். தேய்க்கும் இயந்திரத்தின் சூட்டில் பொட்டு நிற்காது என்பதால், அதன் சுவிட்ச் பெட்டிக்கு வைத்து, மாலையும் போட்டோம். சூப்பர்வைசர் திரு. கார்த்திகேசுவுக்கு அது பிடித்துப்போனது. மாலையை எடுக்கவிடவில்லை. பிறகு அங்கே ஒரு முருகன் படம் வந்தது, பலகை வந்தது, பித்தளை விளக்கு வந்தது. துணித் தூசி படுகிறதென்று கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியே அடித்து, விளக்கு களவு போகாமலிருக்கப் பூட்டும் போட்டார். சுவிட்ச் அதற்குள் போய்விட்டது. இனிமேல் ஸ்டாப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கை விட்டால் போதும் என்றார். முதலாளி திரு. வேலாயுதம் தினமும் அந்த அலமாரியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குள் போவார். சாமி தெரிந்த கண்ணுக்குச் சுவிட்ச் காணாமல் போனது தெரியவில்லை.

3. அன்று ஒரு விரிப்பு சிக்கியது. தாமரை பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை விட்டாள். மறுபக்கம் நின்ற திரு. கார்த்திகேசு, இயந்திரம் ஏன் சும்மா நிற்கிறது என்று ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். உருளை அவள் விரல்களை விரிப்போடு சேர்த்து இழுத்தது. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. விரிப்பு மறுபக்கம் சிவப்பாக வெளியே வந்தது. ஸ்டாப் பொத்தானை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். பழைய பொத்தான், அந்த நேரம் பார்த்து வேலை செய்யவில்லை. “அக்கா, சுவிட்ச்சு” என்றாள் தாமரை.

4. அலமாரிக்கு ஓடினேன். திரு. கார்த்திகேசு குறுக்கே வந்து என் கையைப் பிடித்தார். “சாமி மேல கை வைக்காத லா, ஆபீஸ்ல சாவி இருக்கு, எடுத்துட்டு வரேன்” என்றார். அங்கே கிடந்த இரும்புக் குழாயால் அவர் தோளில் அடித்தேன். விழுந்தார். அடுத்த அடி கண்ணாடிக்கு. படம், விளக்கு, பலகை எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தேன். கண்ணாடி என் உள்ளங்கையைக் கிழித்தது. சுவிட்ச்சை இறக்கியதும் இயந்திரம் உடனே நின்றது. அந்தச் சுவிட்ச்சில் ஒரு குறையும் இல்லை, ஐயா. நான் அதை எட்டுவதற்குள் அவள் கை போய்விட்டது.

5. அலமாரியை உடைத்ததற்கும் சூப்பர்வைசரை அடித்ததற்கும் என்மேல் போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்கிறார்கள். வேலையிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். இரண்டையும் செய்தது நான்தான். எந்தக் கோர்ட்டிலும் ஒப்புக்கொள்வேன். அவர் தோள் எலும்பு முறிந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. முருகனிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

6. இயந்திரத்தைக் கழுவி மறுபடியும் ஓட்டுகிறார்கள். தோஷம் கழியப் பூசை செய்து, அதே பெட்டியை மூடி, முன்னைவிடப் பெரிய அலமாரி அடித்திருக்கிறார்கள். இம்முறை கண்ணாடி இல்லை, கனமான மரக்கதவு. தாமரை நின்ற இடத்தில் இப்போது மைமூன் என்ற பெண் நிற்கிறாள். வாசலில் பார்த்து விசாரித்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் சுவிட்ச் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து அந்த இயந்திரத்தை நிறுத்தி முத்திரை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சுவிட்ச் கண்ணுக்குத் தெரிந்து, கைக்கு எட்டி, பூட்டும் வசதியோடு திறந்த சுவரில் இருக்க வேண்டும். சாமிக்கு வேறு சுவர்கள் இருக்கின்றன.

தாங்கள் வராவிட்டால் நான் போவேன். வேலை போனாலும் வழி மறக்கவில்லை. இதைத் தாங்கள் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, தகவல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. மரக்கதவு என்பதால் இம்முறை கோடரி கொண்டுபோக வேண்டியிருக்கும்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
சு. லோகேஸ்வரி

இடம்: கிள்ளான்
தேதி: 12 மார்ச் 2025