மேனேஜர் சொன்னதும் தம்பி சொன்னதும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலைக் கூட்டத்தில் மேனேஜர் பேசியது அத்தனை நீளம். தம்பி எங்களுக்குச் சொன்னது இரண்டே வரி. எல்லாரும் நன்றாக வேலை செய்கிறோமாம், இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பு இருந்தால் போதுமாம். விரலை நீட்டி, மூக்கு சிவக்கப் பேசிய மனுஷன் சொன்னது இதைத்தானா?

தம்பி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறான். சலவை ஆலை கைமாறும்வரை அங்கே வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் போய் அழுக்கு விரிப்புகளை அள்ளி வருவான், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பான். புது மேனேஜருக்கு நம் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது. இஸ்திரிப் பகுதியில் நிற்கும் எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. தம்பி கப்பலில் வேலை பார்த்தவன், இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. அதனால் இப்போது அவனுக்குக் கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி. அங்கிருந்து சொல்லுவான், நாங்கள் கேட்போம். அங்கே போய் என்ன சொல்கிறான் என்பது அவனுக்கும் மேனேஜருக்கும்தான் வெளிச்சம்.

ஒரு வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. சாக்ஸ். வீட்டுக்கு வந்து கேட்டேன். காலுறை சுத்தமாகப் போட்டு வரச் சொல்கிறார் என்றான். கேட்டதும் பதில் வரவில்லை, கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது.

மார்ச் 5, புதன்

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் துவைத்த காலுறை. என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற, எதற்கும் சிரிக்கிற எங்கள் சிரிப்பக்கா பூப்போட்டது ஒன்று புதிதாக வாங்கிப் போட்டு வந்து, காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். மேனேஜர் இரண்டு முறை எங்களைக் கடந்து போனார். ஒருத்தர் காலையும் பார்க்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மருந்துக்கடைக்காரம்மாவுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் கேட்டேன். மேனேஜர் சாக்ஸ் என்று கத்தினார் என்றதும், 'புல் யுவர் சாக்ஸ் அப்' என்றாரா என்று சிரித்துவிட்டார். அதற்கும் காலுறைக்கும் சம்பந்தமே இல்லையாம். வேலை சரியில்லை, இனிமேலாவது ஒழுங்காகச் செய் என்று அதட்டுகிற பேச்சாம்.

ஆக, அன்று எங்களுக்குக் கிடைத்தது திட்டு. தம்பி அதைப் பாராட்டாக்கிக் கொடுத்திருக்கிறான். எதற்கு? எங்கள் காதில் பூச்சுற்றி அவனுக்கு என்ன ஆகப்போகிறது?

மார்ச் 12, புதன்

விரிப்பை இழுத்துச் சூட்டில் தேய்க்கிற மூன்றாவது ரோலருக்கு வயதாகிவிட்டது. அதைக் காட்டி மேனேஜர் ஏதோ சொன்னார், 'பக்கெட்' என்று கேட்டது. தம்பி சொன்னான், இந்த மெஷின் சீக்கிரம் மண்டையைப் போட்டுவிடும் என்கிறாராம். நான் விடவில்லை, நேரே மருந்துக்கடை. ஆமாம், வாளியை உதைப்பது என்றால் சாவதுதான் என்றார் அந்தம்மா.

அப்படியென்றால் இதை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறான். இதுதான் எனக்கு இன்னும் உதைக்கிறது. எப்போதும் பொய் சொல்பவன் என்றால் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ளலாம். இவன் எப்போது உள்ளதைச் சொல்கிறான், எப்போது மெழுகுகிறான்?

மார்ச் 13, வியாழன்

தம்பிக்குப் புது ஷூ. மேனேஜரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

மார்ச் 16, ஞாயிறு

இவரிடம் சொல்லிப் பார்த்தேன். உங்கள் தம்பி எங்களை வைத்து மேலே ஏறப் பார்க்கிறானோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன். தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்:

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அவன் என் கூடப் பொறந்தவன்."

கூடப் பிறந்தவன் என்றால்? கூடப் பிறந்தவனுக்கு நாற்காலி ஆசை வராதா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சோறு பாதியில் நின்றிருக்கும்.

மார்ச் 20, வியாழன்



நாங்கள் மடிக்கும் மேசைப் பக்கம் கையைக் காட்டி மேனேஜர் 'டெட் வுட்' என்றார். தம்பியைக் கேட்டேன். பழைய மர மேசையை மாற்றப் போகிறார்கள் அண்ணி என்றான். மேசை தகரம். வருஷக்கணக்காக அதன் மேல் விரிப்பு மடிக்கிறேன், அது மரமா தகரமா என்று எனக்குத் தெரியாதா?

மருந்துக்கடைக்காரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. பட்டுப்போன கட்டை. உபயோகமில்லாமல் சம்பளம் வாங்கும் ஆட்களைச் சொல்வது என்றார். "யாரைச் சொன்னாங்க?" என்று கேட்டார். தெரியாது என்று வந்துவிட்டேன்.

மேசையருகே நின்றது நான், சிரிப்பக்கா, இன்னும் இரண்டு பேர். தம்பிக்குத் தெரியும். ஒரே வீட்டில் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து மேசை என்கிறான்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன்.

ரோலரின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை நெருங்கிக் கம்பியில் பட்டால் உருளை உடனே நிற்க வேண்டும். மூன்றாவதில் அது உடனே நிற்பதில்லை, ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நிற்கிறது. நேற்று சிரிப்பக்காவின் சட்டைக் கை உள்ளே போய்விட்டது, நான்தான் பிடித்து இழுத்தேன். இன்று அவளையும் கூட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்கே போனேன். அவள் எல்லாம் சொன்னாள். சட்டை போனது, கம்பி ஒட்டிக்கொள்வது, ஆளை வரவழைத்துப் பார்க்கும்வரை அந்த மெஷினை நிறுத்த வேண்டும் என்பது. சிரிக்காமல் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

தம்பி மேனேஜரிடம் திரும்பினான். சின்னதாக ஒரு வாக்கியம். முகத்தில் புன்னகை வேறு. 'லிட்டில்' என்றது கேட்டது. 'நோ ஹரி' என்றது கேட்டது. மேனேஜரும் புன்னகைத்து 'ஆன் மை ரேடார்' என்றார். கவனத்தில் வைத்திருக்கிறாராம்.

நோ ஹரி எனக்குத் தெரியும். பஸ்ஸில், பாங்கில், எங்கும் கேட்கிற வார்த்தை. அவசரமில்லை. யார் சொன்னது அவசரமில்லை என்று? அவள் சொன்னாளா? நான் சொன்னேனா?

மார்ச் 26, புதன்

மேனேஜரிடம் நானே போய் நிற்கலாமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெஷினைக் காட்டி "பேட், பேட்" என்றுதான் சொல்ல வரும். போகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்



சிரிப்பக்காவின் விரல் ரோலரில் போய்விட்டது. நடுவிரலும் மோதிர விரலும். கம்பியில் கை பட்டும் உருளை நிற்கவில்லை. நான் அடுத்த ரோலரில் இருந்தேன், அவள் குரல் வந்ததும் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்தேன். அதற்குள் வெந்து நசுங்கிவிட்டது. அவள் அப்புறம் கத்தவே இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விரிப்பு பாழாப் போச்சு பாரு" என்றாள்.

ஆஸ்பத்திரி வண்டி போன பிறகு மேனேஜர் தம்பியின் முன்னால் வந்து நின்றார். "நோபடி டோல்ட் மீ," என்றார். இரண்டு முறை சொன்னார். யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதற்கு மருந்துக்கடை வரை போக வேண்டியதில்லை.

தம்பி தரையைப் பார்த்தான். அதை மட்டும் அவன் எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அடுப்படியில் வைத்துக் கேட்டேன். இவரும் இருந்தார். எதையும் மென்று விழுங்காமல் சொல் என்றேன். முதலில் அழுதான். பிறகு சொன்னான்.

"அண்ணி, அந்தாள் பேசறத நீங்க கேட்டதில்ல. வந்த முதல் வாரமே நாலு பேரை அனுப்பிடணும்னார். டெட் வுட்னு சொன்னது அதுதான். அதுல நீங்களும் உண்டு. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வச்சேன். அவர் சொல்றத அப்படியே சொன்னா நீங்க அன்னிக்கே சண்டை போட்டுட்டு வெளிய வந்திருப்பீங்க. நீங்க சொல்றத அப்படியே சொன்னா, எப்பப் பாரு குறை சொல்ற கும்பல்னு அவரே அனுப்பிருப்பார். ரெண்டு பக்கமும் கொஞ்சம் முனை மழுக்கிச் சொன்னேன்."

"கம்பியையுமா?"

"சின்ன விஷயம், அவசரமில்லன்னு சொன்னேன். அவ பேரு அடிபடக் கூடாதுன்னுதான்."

யாரைக் கேட்டுச் செய்தாய் என்றேன். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இதை எழுதும்போது யோசிக்கிறேன். எனக்குக் கோபம் எதனால்? சிரிப்பக்காவின் விரலாலா, இல்லை பட்டுப்போன கட்டையில் நானும் ஒன்று என்று கேட்டதாலா? அதுவும் உண்மையா? என் வாயை அடைக்க, உனக்காகத்தான் செய்தேன் என்று இப்போது ஜோடிக்கிறானா? இத்தனை நாள் மெழுகியவன் இன்று நிறுத்திவிட்டான் என்று நான் எதை வைத்து நம்புவது? அந்த அழுகையைக்கூட உரசிப் பார்க்கத் தோன்றுகிறது. என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். தம்பி சொன்னதை அவளிடம் சொன்னேன். "நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சிருக்கான்," என்றாள். பிறகு, "என் விரல்தானே, எனக்குல்ல சொல்லியிருக்கணும்," என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆலையில் பேச்சு அடிபடுகிறது. அவள் அஜாக்கிரதையாக இருந்தாள் என்று கேஸை முடிக்கப் போகிறார்களாம். முன்னாடியே புகார் சொல்லியிருந்தால்தான் கம்பெனி மேல் தப்பாம். புகார் சொன்னதற்கு நாங்கள் சாட்சி. ஆனால் யாரும் சொல்லவில்லை என்கிறார் மேனேஜர்; நாங்கள் சொன்னது கம்பெனி ஆளிடமே நின்றுவிட்டது என்பதற்கு? தம்பி ஒருத்தன்தான்.

அவன் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

நாளை விசாரணை. இன்ஷூரன்ஸ் அதிகாரி வருகிறார். அவருக்கும் நம் பேச்சு தெரியாது. மொழிபெயர்க்கப் போவது யார்? அவனேதான். இதைவிடக் கூத்து வேண்டுமா? நான் அவன் மேல் சொல்வதை அவனே அவன் வாயால் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடைக்காரம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று நினைத்தேன். வெளியாள் வரக்கூடாதாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

கண்ணாடி அறையில் அதிகாரி, மேனேஜர், தம்பி, நான். அதிகாரி கேட்டார், தம்பி சொன்னான்: "விபத்துக்கு முன்னாடி யாராவது புகார் சொன்னீங்களான்னு கேக்கறார்."

நான் தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "சொன்னோம். மெஷினை நிறுத்தச் சொன்னோம். எடுத்துச் சொல்ல வேண்டியவர் சொல்லல. அது இவர்."

கொழுந்தனை அவர் இவர் என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

நான் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மெழுகுவான், இப்போது நழுவுவான் என்று. நீளமாகப் பேசினான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதிகாரியின் பேனா நின்றது. நிமிர்ந்து அவனிடமே ஏதோ கேட்டார். மேனேஜர் நடுவில் கையைத் தூக்கி, என்னைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். தம்பி அவரைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னான்:

"நாட் ஹெர். மீ."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கும்தான்.

ஏப்ரல் 19, சனி

தம்பிக்கு வேலை போய்விட்டது. வேனும் இல்லை, நாற்காலியும் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

இவர் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறார். தம்பிதான் இன்று, "அண்ணா, அவங்க சொன்னது நெசம்தான். அவங்க மேல கோபப்பட்டு என்ன பண்றது," என்றான். இவர் கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. காய் நறுக்க உட்கார்ந்தார்.

நானும் அவன் சொன்னதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பழக்கம்.

மே 14, புதன்

கேஸ் சிரிப்பக்கா பக்கம் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. கை தேறியதும் அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. மூன்றாவது ரோலரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். தம்பிக்கு ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் கிடைத்திருக்கிறது. விடிவதற்குள் போய்விடுகிறான்.

ஜூன் 3, செவ்வாய்

ஆலைக்கு இப்போது மொழிபெயர்க்க ஒரு பெண் வருகிறாள், திங்களும் வியாழனும். நல்ல பெண்தான், ஆனால் அவளும் சுருக்கமாகவே சொல்கிறாள். மற்ற ரோலர்களிலும் கம்பியைச் சோதிக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு திங்களும் போய் நிற்கிறேன். இரண்டைச் சரிசெய்துவிட்டார்கள். நேற்று நான் பேசி முடித்ததும் மேனேஜர் பெருமூச்சு விட்டு ஏதோ முணுமுணுத்தார். பார்க்கிறேன் என்கிறார் என்றாள் அந்தப் பெண். ஆனால் 'தார்ன்' என்றும் 'மை சைட்' என்றும் என் காதில் விழுந்திருந்தது.

சாயங்காலம் தம்பி முன்னறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் மாவு. கேட்டேன்.

"யாரைப் பார்த்துச் சொன்னார்?" என்றான்.

"என்னைத்தான்."

கயிற்றை அவிழ்த்த கை நின்றது. "அது நல்ல வார்த்தை இல்ல அண்ணி."

"சொல்லு."

"ஓயாத தொல்லைன்னு அர்த்தம். விலாவுல ஏறின முள்ளு மாதிரி, எடுக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் விடாதுன்னு. உங்களால அவருக்கு நிம்மதி இல்லன்னு சொல்லியிருக்கார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எதையும் குறைக்கல."

சரி, கை கழுவிட்டு வா என்றேன். சாப்பாடு எடுத்து வைத்தேன். வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.