மகளுக்கென்று வந்த மீன் குழம்பு

வெள்ளிக்கிழமை, இரவு

ஆபீஸ் கிளம்புவதற்கு முன், விடியற்காலையில்தான் கதை எழுதுவேன். பாத்திரங்களின் பேச்சை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு எழுத வரும். இந்தப் பெருங்களத்தூர் ஃப்ளாட்டில் தனியாக இருப்பவனுக்கு அதில் என்ன கூச்சம் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் கீழ்வீட்டு மேரி அக்கா ஒரு தூக்கில் மீன் குழம்போடு வந்து நின்றார்.

"பெங்களூர்லேருந்து பொண்ணு வந்திருக்கா போல? 'வந்துட்டியாம்மா, இப்படி இளைச்சிட்டியே'ன்னு காலையில நீங்க சொன்னது ஜன்னல்ல கேட்டுச்சு சார். அவளுக்குத்தான் இது."

கதை என்று சொல்லியிருக்கலாம். "குளிக்கிறா" என்று சொல்லிவிட்டேன்.

"அவ அம்மா காரியத்துக்கு வந்தப்போ பாத்தது. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சந்தோஷமாகப் போனார்.

கதவைச் சாத்தியதும் வெட்கமாக இருந்தது. கீழே இறங்கிப் போய் உண்மையைச் சொன்னேன். "யாரும் வரலக்கா. நான் எழுதற கதையில ஒரு அப்பா பேசறது அது."

அக்கா சிரிக்கவில்லை. "அதை அவகிட்டயே சொல்லலாமே சார்" என்றார்.

மேலே வந்து மகளுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தாள்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள்.

"நல்லாதான் இருக்கேன். சும்மாதான் பண்ணேன்."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன்.

"ஆபீஸ் கால் வருதுப்பா, வெச்சிடட்டுமா?"

சரிம்மா என்றேன்.