தட்டு நிறையும்வரை

ஜனவரி 11, சனி

மழை. நாலாவது நாள். வாவி றோட்டுக்கு ஏற இன்னும் ஒரு சாண்தான்.

செய்ய:
– மைனஸ் எண்பது உறைபெட்டியின் வெப்பநிலை எழுத (காலை, மாலை)
– லேபல் முடியப்போகிறது. கேட்டு எழுத.
– கூரைப் பீலிக்குள் இலை, தண்ணீர் தேங்கும். அத்தானிடம் சொல்ல. சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. வந்தால் நான் டெங்கு ஆய்வுக்காரி என்று சும்மா விடமாட்டார்.
– பொங்கலுக்குப் பச்சையரிசி. அக்கா வாங்கியாயிற்று. எனக்குத் தின்கிற வேலை மட்டும்.

ஆய்வை நடத்துகிற கொழும்பு டொக்டர் போன். எத்தனை பேருடைய இரத்தம் சேர்ந்தது என்று கேட்டா. "தட்டு நிறையும் வரைக்கும் திறக்க வேணாம், ரதி." தட்டில் தொண்ணூற்றாறு குழி. திறந்தால் அன்றைக்கே முழுவதும் பாவிக்க வேண்டும், மிச்சம் குப்பை. சரி. இரத்தம் எடு, சுற்று, நீரைப் பிரி, உறைய வை, காத்திரு.

டெங்குக்காரருக்கு இரத்தக் குழாய் கசியத் தொடங்கும் முன்பே ஒரு புரதம் ஏறுமாம். மூன்றாம் நாளே அதை அளந்தால் யாருக்குக் கடுமையாகும் என்று முன்கூட்டிச் சொல்லலாமாம். ஆய்வு தொடங்கி எட்டு மாதம். இன்னும் 'சொல்லலாமாம்'தான்.

அக்காவுக்குக் காய்ச்சல். நேற்றுப் பின்னேரமே தொடங்கியதாம். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு இன்றைக்குத்தான் சொல்கிறா. அம்மா முன் வீட்டை அக்காவுக்கும் பின் வீட்டை எனக்கும் சீதனமாக எழுதினா. அக்காவைக் கட்டி அத்தான் முன் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னுடையதை வாங்க ஆள்தான் வரவில்லை.

ஜனவரி 13, திங்கள்

தூறல். அக்காவோடு எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.டி. வரிசை வாசல் வரைக்கும்.

டெங்கு பொசிட்டிவ். மூன்றாம் நாள். பிளேட்லட் பரவாயில்லை. டொக்டர் தெளிவாகச் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் வந்து ரத்தம் பாக்க வேணும். நாளைக்குப் பொங்கலெண்டாலும் வாங்க. காய்ச்சல் விட்டாப் பிறகுதான் கவனமா இருக்க வேணும்." அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினா.

பிறகு எங்கள் அறைக்குக் கூட்டிப்போனேன். இந்த மாதம் ஆய்வுக்கு ஆள் குறைவு. உள்ளதைச் சொன்னால் அதுதான் காரணம். படிவத்தை நீட்டினேன். வாசிக்காமல் கையெழுத்து.

"இதப் பாத்தா கடுமையாகுமா இல்லையா எண்டு தெரியுமாம், என்னகா?"

"ஓம். அதுக்குத்தான் எடுக்கிற."

"அப்ப எனக்குக் கெதியாப் பாத்துச் சொல்லு."

"ஏதும் எண்டா சொல்லாம விடுவனா?"

ஐந்து மில்லி. குழாய் எண் 29. ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டா. தட்டு நிறைய இன்னும் பல பேர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப எனக்கென்னத்துக்கு?" என்று எழும்பிப் போயிருப்பா.

மீன் வாங்க மறந்துபோனேன். முட்டை பொரித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வெயில். நம்ப முடியவில்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நான் எழும்ப முதல் குளித்து முற்றத்தில் நின்றா. அத்தான் மேசன் அல்லவா, பொங்கல் அடுப்புக்கு மூன்று கல் வைக்கவும் மட்டப் பலகை எடுத்தார். அக்கா சிரித்தா.

பால் பொங்கின பிறகு அத்தான் கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போய்ட்டு வருவமா? டொக்டர் சொன்னவர்தானே."

அக்கா: "ரதிதான் நேத்து அந்தப் பெரிய டெஸ்டே பாத்திட்டாளே. ஒண்டும் சொல்லல்ல. ஒண்டும் இல்லாட்டித்தானே பேசாம இருப்பாள்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்குள் சுடச்சுடப் பொங்கல். "எதுக்கும் போனா நல்லம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். 'இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்லவில்லை. நேற்று நானே ஓம் என்றது. இன்றைக்கு அத்தான் முன்னால், நல்ல நாளில், இல்லை என்று சொல்ல வெட்கம்.

"நாளைக்குப் போவம்" என்றா அக்கா. நானும் தலையாட்டினேன்.

அவ பொங்கலைத் தொடவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி இருந்தா. "புகை குடிச்சது, வாயுதான்கா" என்றா. வயிற்று நோ எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கைத் தாளில் இரண்டாவது வரி. அதை ஒட்டினதே நான்தான்.

ஜனவரி 15, புதன்

மழை.

பெட்டி கா. -79. பதினொன்றரை போல அத்தான் போன். "கை கால் குளிர்ந்து கிடக்கு புள்ள. கதையும் ஒரு மாதிரி." ஓட்டோவில் கொண்டுவந்தார். நான் வாசலில் நின்றேன். அக்காவின் நாடி என் விரலுக்கு அகப்படவில்லை.

இரத்தம் எவ்வளவு தடித்துப்போனது என்று காட்டுகிற எண்ணை பி.சி.வி. என்போம். ஐம்பத்தாறு. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது. இரண்டாம் தரமும் ஐம்பத்தாறு. இரத்தக் குழாய் கசிந்து நீரெல்லாம் வெளியே. எத்தனை பேருடைய ரிசல்ட் துண்டில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த துண்டை எடுத்திருப்பேன்.

ஐ.சி.யு. வாட்டில் எல்லாரும் ஓடித்திரிந்து பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள்தான் ஒரு நாள் பிந்தினோம்.

ஜனவரி 16, வியாழன்

ஐ.சி.யு.வுக்கு வெளியே விறாந்தை வாங்கில் இருக்கிறோம். பக்கத்து நோயாளியின் ஆள்: "பப்பாசி இலைச் சாறு குடுத்தீங்களா?" அதற்கு இன்னொருவர்: "இனி என்னத்தக் குடுக்கிற, வாயில குழாயெல்லோ."

அத்தான் சாப்பிடவில்லை. சேட்டில் பொங்கல் அன்றையக் கரி. திடீரென்று கேட்டார்: "உங்கட பெட்டிக்குள்ள அவட ரத்தம் கிடக்குத்தானே? அதத் திரும்ப ஒருக்காப் பாத்தா என்ன புள்ள?"

திரும்ப.

கொழும்புக்குப் போன் எடுத்தேன். எனக்காக ஒரு தட்டைத் திறக்கலாமா என்று கேட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். "திறந்து பாத்தாலும் ஒரு நம்பர்தான் வரும், ரதி. எதுக்கு மேல போனா ஆபத்து எண்டு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பேரிட்ட எடுக்கிறம்."

உண்மை. யார் பிழைத்தது, யார் பிழைக்கவில்லை என்று எல்லாருக்கும் எழுதி முடித்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். அக்காவை எந்தப் பக்கம் எழுதுவது என்று பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

அத்தானிடம் "பாக்கிறாங்க" என்றேன். இன்னொரு பொய்.

ஜனவரி 17, வெள்ளி

காலை 9.40. அக்கா போய்விட்டா.

ஜனவரி 27, திங்கள்

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கொடியில் காய்கிற அவவின் சீலையைப் பார்க்க வேண்டும். ஒருவரும் எடுக்கவில்லை. நானும்தான்.

பிந்தின படிவங்கள் ஒன்பது. இருபத்தொன்பதுக்கு முடிவு எழுத வேண்டும். நாலு கட்டம்: குணம், கடுமை, வேறு ஆஸ்பத்திரி, இறப்பு. நாலாவதில் சரி போட்டேன். மற்றப் படிவங்களில் போடுகிற அதே சரி.

அத்தான் முன் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. கடைச் சாப்பாடு. "இது உங்கட தாயிட வீடு. அவ இல்லாம நான் இதுக்குள்ள இருக்கிறது சரியில்ல. முப்பத்தொண்டாம் நாள் முடியட்டும்" என்கிறார். அவருடைய ஆட்கள் குருக்கள்மடம் ஊரில். அங்கே போகப்போகிறாராம்.

கூட வேலை செய்கிற ஒருத்தி: "அழுதுபோடுகா, மனசு லேசாகும்." அழவும் வரவில்லை. பசிக்கிறது, தின்கிறேன், அது வேறு வெட்கம்.

பெப்ரவரி 13, வியாழன்

புழுக்கம். தட்டு நிறைந்தது.

காலை தொடங்கினோம். விடு, காத்திரு, கழுவு, மறுபடி விடு. ஒருவருக்கு இரண்டு குழி. நீலம் வந்து, கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சளாகும். கூடின மஞ்சள், கூடின புரதம். தட்டில் பெயர் இல்லை, ஆனால் எந்த இரண்டு குழி என்று எனக்குத் தெரியும். மெசினுக்குத் தேவையில்லாமலே தெரிந்தது. நல்ல மஞ்சள்.

அச்சுத்தாளில் பார்த்தேன். உயரம். ஆனால் அதைவிட உயரமான ஒருவர் இருக்கிறார். காத்தான்குடிக்காரர். ஐந்தாம் நாள் தன் காலால் நடந்து, எங்களுக்கெல்லாம் சலாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்.

அப்படியென்றால் அன்றைக்கே தட்டைத் திறந்திருந்தாலும் இந்த எண் ஒன்றும் சொல்லியிருக்காது. ஆறுதல் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எண் தேவைப்படவில்லையே. 'இன்னும் பார்க்கவில்லை' என்று நான் ஒரு தரம் வாய் திறந்திருந்தால் போதும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

முப்பத்தோராம் நாள். சோறு, ஏழு கறி, பாயாசம். நாற்பது பேருக்கு மேல். பெரியம்மா உப்புக் குறைவு என்றா. சரிதான், குறைவு.

எல்லாரும் போன பிறகு அத்தான் கிணற்றடியில் சோறு ஆக்கின கிடாரம் கழுவினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தலை நிமிராமல் சொன்னார்:

"டெஸ்ட் நல்லமெண்டு வந்தும் இப்பிடி ஆகுமெண்டா, நான்தான் பிழை. அண்டைக்கு அவட கதையக் கேக்காம தூக்கிக்கொண்டு போயிருக்க வேணும்."

ஒரு மாதமாக இதைச் சுமந்துகொண்டா இந்த மனுசன் நடந்திருக்கிறார்.

சொன்னேன். "அந்த டெஸ்ட் அண்டைக்குப் பாக்கல்ல அத்தான். போன வியாழக்கிழமைதான் பாத்த. நல்லமெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. நான் பேசாம இருந்திட்டன்."

கை நின்றது.

"பொங்கலண்டைக்கு அவ அப்பிடிச் சொல்லக்குள்ள நீ அங்கதானே நிண்ட?"

"ஓம்."

கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். பிறகு சொன்னார்: "இத ஒருத்தருக்கும் சொல்லாத. பெரியம்மாக்களுக்குத் தெரிஞ்சா உன்ன இருக்க விடமாட்டாங்க. எனக்குச் சொன்னதோட முடியட்டும்."

ஏசியிருக்கலாம். அந்தக் கிடாரத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். எனக்கு அது தேவையாக இருந்தது.

பெப்ரவரி 17, திங்கள்

தெளிவான வானம். அத்தான் விடிய முதல் பஸ்ஸில் போய்விட்டார். முன் வீட்டைப் பூட்டின திறப்பு என் யன்னலில்.

அத்தானுக்குப் போன் எடுத்தேன். "கொங்கிரீட் போடுறம் புள்ள, பிறகு கதைப்பம்." குரலில் ஒரு கோபமும் இல்லை.

பெட்டி கா. -80. புதுத் தட்டு வந்திருக்கிறது.

பத்து மணி. புது ஆள், மூன்றாம் நாள். ஏறாவூர்ப் பெண், மடியில் கைக்குழந்தை. படிவத்தை நானே வாசித்தேன். முடிவு உங்களுக்குச் சொல்லப்பட மாட்டாது என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். "விளங்கிச்சா? இதுல உங்களுக்கு ஒண்டும் தெரிய வராது. நாங்க பேசாம இருந்தா நல்லமெண்டு நினைக்கக்கூடாது. நாளைக்கும் கட்டாயம் வந்து ரத்தம் காட்டுங்க."

"ஓம் மிஸ், நீங்க பாத்தாச் சரி" என்றா. சட்டைக் கையை ஏற்கனவே மடித்து நீட்டியிருந்தா.