நான் அடித்த ‘யூஸ்ட் டு’

அக்கா,

பாப்பாவின் தடுப்பூசி அட்டையைத் தேடி அலமாரியைக் குடைந்தேன். உங்கள் நாற்பது பக்க நோட்டு கையில் வந்தது. மேலே இன்னும் தேங்காய் எண்ணெய்க் கறை. பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்த கையோடு எழுத உட்காருவீர்கள், நான் முணுமுணுப்பேன். நாளை அவளை முதல்முறையாக பிளேஸ்கூலில் விட வேண்டும். எனக்கு ஆபீஸ்.

முதல் பக்கத்தில் உங்கள் கோணல் எழுத்து: ‘ஐ யூஸ்ட் டு பாத் தி பேபி டெய்லி.’ ‘யூஸ்ட் டு’ மேல் என் சிவப்புக் கோடு. ஓரத்தில், ‘முன்பு செய்தது, இப்போது இல்லை’ என்று என் மேதாவித்தனம்.

பொம்மனஹள்ளி வீட்டில் நாங்கள் மாடி, நீங்கள் கீழே. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா பாப்பா பிறந்த மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டாள். மாலையானால் பாப்பா வீறிட்டு அழும், கூடவே நானும். ஒருநாள் கதவைத் தட்டினீர்கள். “ஏம்மா, ரெண்டு பேர் அழற சத்தம் கேக்குது. யாரை முதல்ல தூக்கறது?” அவளை உங்கள் முன்கையில் குப்புறக் கவிழ்த்து, முதுகை மெல்லத் தட்டினீர்கள். வயிற்றுக் காற்று பிரிந்தது, அழுகை நின்றது. எனக்குத்தான் நிற்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு வந்தீர்கள்.

முட்டிவலியால் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டிருந்தீர்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த பிளேஸ்கூலில் ஆயா வேலைக்கு இன்டர்வியூ இங்கிலீஷில் நடக்கும் என்றார்கள். நான் டீச்சரானேன்.

“தினம் செய்யறதுக்கு யூஸ்ட் டு தான், டீச்சரம்மா. எங்க சூப்பர்வைசர் ‘ஐ யூஸ்ட் டு கம் அட் எய்ட்’னு சொல்வாரு. இன்னைக்கும் எட்டு மணிக்குத்தான் வர்றாரு.”

“அவர் சொன்னது தப்புக்கா. விட்டுப்போன பழக்கத்துக்குத்தான் அது. முன்னாடி ‘ஆம்’ போட்டு ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ன்னா, பழகிடுச்சுன்னு அர்த்தம்.”

“விட்டுப்போச்சுன்னாலும் அதே வார்த்தை, பழகிப்போச்சுன்னாலும் அதே வார்த்தை. வெள்ளைக்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா?”

இன்டர்வியூ அன்று மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்னீர்கள். குழந்தை பார்த்த அனுபவம் உண்டா என்று மேடம் கேட்க, ‘ஐ யூஸ்ட் டு லுக் ஆஃப்டர் ஒன் பேபி’ என்றீர்களாம். அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க என்று அவர் கன்னடத்தில் கேட்டிருக்கிறார். “நிறுத்தினது யாரு மேடம்? அஞ்சு மணிக்கு அது என்னைத் தேடும், சீக்கிரம் கேளுங்க.” மேடம் சிரித்துவிட்டாராம். வேலை கிடைத்தது. என் இலக்கணத்தால் அல்ல.

கேட்டில் நின்று அழும் பிள்ளைகளை வாங்கிக்கொள்வது உங்கள் வேலை. “எப்படிக்கா அந்த அம்மாக்கள் விட்டுட்டுப் போறாங்க?” என்று கேட்டேன். பாப்பாவின் காலை நீவிக்கொண்டே சொன்னீர்கள்: “அழறது அது வேலை. திரும்பி வர்றது உன் வேலை. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பார்த்தா சாயங்காலம் சரியாயிடும்.”

தங்கை மகள் கல்யாணத்துக்கென்று வாணியம்பாடி போனீர்கள். போன் மட்டும்தான் வந்தது, நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று. பாப்பாவுக்கு அன்று கடும் காய்ச்சல். என்னால் கிளம்ப முடியவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டே நான்கு மாதம் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். கொஞ்ச நாள்வரை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்தேன். பிறகு, கொசு வருகிறது என்று சாத்தினேன்.

போன வாரம் அட்மிஷனுக்குப் போனபோது மேடம் பாப்பாவையே பார்த்தார். “நிறுத்தினது யாருன்னு சண்டை போட்டாங்களே, அந்த பேபியா?” என்றார். தலையசைத்தேன். என் முகத்தைப் பார்த்து, பாப்பாவுக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்று தேற்றினார். இங்கிலீஷில்தான் சொன்னார். அந்த யூஸ்ட் டு மட்டும் காதில் விழுந்தது.

பாப்பாவுக்கு இப்போது வயிற்றுவலி இல்லை. ஆனாலும் தூக்கம் வந்தால் என் முன்கையைத் தேடி, அதன்மேல் குப்புறச் சாய்கிறாள். கை தானாகவே அவள் முதுகைத் தட்டுகிறது. எனக்கு அதை வேறு யாரும் சொல்லித் தரவில்லை, அக்கா.

சிவப்பு மை அழியாது. அதனால் உங்கள் வரியின் கீழே நான் ஒன்று எழுதினேன்: ‘அக்கா யூஸ்ட் டு கேரி தி பேபி.’ என் இலக்கணப்படி அது முடிந்துபோனது. உங்கள் இலக்கணப்படி தினமும் நடக்கிறது. இந்த ஒரு வரியை உங்கள்படியே விட்டுவிடுகிறேன்.

நாளை நீங்கள் நின்ற அதே கேட்டில் அவளை இறக்கிவிடுவேன். அவள் தன் வேலையைச் செய்வாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிப்பேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்துவிடுவேன்.