ஒலிவாங்கியைப் பறித்தவர்களின் அஞ்சலி

இன்று மத்தியானம் ஹம்பேர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க்கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கண்ணாடிக் கதவில் உன் படம். கறுப்பு அங்கி, சிரிக்காத முகம். ‘எங்கள் இனத்தின் பெருமை, அவுஸ்திரேலிய நீதிபதிக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதி, கீழே இங்கத்தைய தமிழ்ச் சங்கத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். நீ போய் ஒரு கிழமைதான். அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

பெருமையாம். அது எப்படி வந்தது என்று இவர்களில் யாருக்குத் தெரியும்? கொழும்பில் நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து சட்டம் படித்தோம். கலவரம் என்னை இங்கே ஜேர்மனிக்கும் உன்னை மெல்பேர்னுக்கும் எறிந்தது. நான் சட்டத்தைக் கைவிட்டு ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்குப் போய்விட்டேன். நீ விடவில்லை. உன் பட்டம் போதாது என்றார்கள். இரண்டு பிள்ளைகளோடு திரும்பப் படித்தாய். உன் உச்சரிப்பு விளங்கவில்லை என்று ஒரு நீதவான் உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்ததை டெலிபோனில் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இலவச சட்ட உதவி நிலையத்தில் தொடங்கியவள், கடைசியில் அந்த மனுசன் இருந்த கதிரையிலேயே நீதவானாக உட்கார்ந்தாய். பிறகு மேல் நீதிமன்றத்துக்கு நீதிபதியானாய்.

ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருசங்களில் என்னைப் பார்க்க வந்தாய். சங்கத்துக்காரர் மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, பேசச் சொன்னார்கள். பேசி முடிய, பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள்.

“அக்கா, மனுசன் அடிக்கிறார். என்ர விசா அவரை நம்பித்தான் இருக்கு. நான் என்ன செய்யிறது?”

நீ யோசிக்கவே இல்லை.

“பொலிசுக்குப் போங்கோ, தங்கச்சி. விசாவைப் பற்றி இங்கத்தைய சட்டத்தரணியைக் கேட்பம். நானும் கூட வாறன்.”

சங்கத் தலைவர் வந்து உன் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தார். “குடும்ப விசயம் இங்க வேண்டாம். உங்கட படிப்பைப் பற்றிக் கதையுங்கோ.”

“இதுதான் நான் படிச்சது” என்றாய். ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது.

பயணத்தைத் தள்ளிவைத்தாய். மூன்று பேருமாகச் சட்டத்தரணியிடம் போனோம், நான் மொழிபெயர்த்தேன். அவளுக்குப் பெண்கள் காப்பகத்தில் இடம் கிடைத்தது. பிறகு புருசனின் தயவு தேவைப்படாத விசாவும் கிடைத்தது. நீ விமானம் ஏறியதும் ‘குடும்பம் பிரிக்க வந்தவள்’ என்று கடை கடையாகக் கதைத்தார்கள். உன் புருசன் உன்னை விட்டுப் போனதையும் இழுத்துச் சிரித்தார்கள். அந்த வாய்கள்தான் இப்போது கண்ணீர் அஞ்சலி என்கின்றன.

பின்னேரம் அதே தலைவர் போன் எடுத்தார். “நீங்கள் அவவின்ர சிநேகிதி. அஞ்சலிக் கூட்டத்தில கொஞ்சம் பேசுங்கோ. அந்தப் பழைய விசயம் மட்டும் வேண்டாம்.”

“அப்ப என்னால ஏலாது” என்றேன். “அதை விட்டிட்டு அவவைப் பற்றி நான் என்னத்தைப் பேச?”



நீ வந்து பேசிய அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சில பெண்கள் இரகசியமாக என்னைத் தேடி வருகிறார்கள். நாளைக்கும் ஒருத்திக்குக் குடும்ப நீதிமன்றத்தில் டெர்மின், விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நான்தான் கூடப் போகிறேன். விமான நிலையத்தில் நீ சொல்லிவிட்டுப் போனாயே: “சட்டத்தைப் பிறகு சொல்லு. இண்டைக்கு எங்க படுக்கப் போறாய் எண்டு முதல்ல கேள்.” நீதவானாக இருந்த முதல் வருசத்தில், அதைக் கேட்காமல் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் படித்த பாடம் என்றாய். அவளுக்கு என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை.

நான் முதலில் அதைத்தான் கேட்கிறேன். கோபம் ஆறவில்லை. அது ஆறாமலே இருக்கட்டும். நாளைக்கு எனக்கு அது தேவை.