காரணம் கேட்காத படிவம்

இன்று வேலை முடிந்து வரும் வழியில் ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குள் போனேன். நத்தார் பண்டிகை நெருங்குகிறது. பழக்கடை வாசலில் சின்னத் தோடம்பழங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பெண் அங்கேயே நின்று ஒன்றை உரித்தாள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த பதினாறு வருடமும் உங்கள் கையில் இருந்த மணம் அது. பழக் களஞ்சியத்தில் வேலை முடித்து வந்து எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அது போகாது. வாங்க வந்ததை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் பிரிந்து எட்டு வருடம். உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எழுதவேண்டிய அளவு தூரத்தில் நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. தேவாலயத்தில் பூசை முடிந்து, ரொம்மனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். ஷாமினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகள் இன்னும் மேசையில் கிடந்தன. நான் பிரியப்போகிறேன் என்று சொன்னேன். நீங்கள் சத்தம் போடவில்லை.

"நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன்?"

நான் மேசையில் சிந்தியிருந்த சோற்றைக் கையால் கூட்டினேன். நீங்கள் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "பிழை இருந்தா திருத்தலாம். இல்லாத பிழையை எப்பிடியப்பா திருத்துறது?"

பிறகு ஒருநாள் கணினியில், பிரிந்திருக்க அனுமதி கேட்கும் விண்ணப்பத்தைத் திறந்தேன். நீங்களும் வந்து பக்கத்தில் இருந்தீர்கள். பெயர், முகவரி, மணம் முடித்த நாள், பிள்ளையின் விவரம். நீங்கள் மேலும் கீழும் இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள்.

"காரணம் எழுதிற இடம் எங்கை?"

"அப்பிடி ஒண்டு இல்லை. இஞ்சை கேக்கமாட்டினம்."

"நான் ஓம் படாட்டி?"

"நான் தனிய விண்ணப்பிச்சாலும் காணும். உங்களிட்டை அறிவிப்பினம். ஆனா மறிக்கேலாது."

நீங்கள் நம்பவில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்ததால் முதலில் குடும்ப ஆலோசனை அலுவலகத்துக்கு இருவரும் போகவேண்டியிருந்தது. அங்கே தரும் பத்திரம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. போகும்போது நீங்கள் கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தீர்கள். உங்கள் மனதில் அது ஒரு வழக்கு. அங்கே இருப்பவர் ஒரு நீதவான். நரைத்த தலைமயிருடன், கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். நீங்கள் உங்கள் தட்டுத்தடுமாறும் நொர்வேஜிய மொழியில், யாரில் பிழை என்று அவர் சொல்லுவாரா என்று கேட்டீர்கள். அது தனக்குத் தேவையில்லாத கேள்வி என்று அவர் மெதுவாகச் சொன்னார். மகள் எந்த நாளில் யாருடன் இருப்பாள், பள்ளிக்கூட விடுமுறையை எப்படிப் பிரிப்பீர்கள், அவளுடைய கூடைப்பந்துக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்? ஒரு மணித்தியாலமும் இதைத்தான் கேட்டார்.

வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நிற்கும்போது சொன்னீர்கள்: "நல்ல மனுசி. ஆனா நான் வந்ததுக்கு மறுமொழி தரேல்லை."

பிரிந்திருக்க அனுமதி வந்தது. இனி ஒரு வருடம் தனித்தனியே இருக்கவேண்டும். இடையில் மறுபடி சேர்ந்து வாழ்ந்தால் அந்த அனுமதி செல்லாது. வருடம் முடிந்தால் எங்களில் யாராவது ஒருவர் விவாகரத்துக்கு எழுதலாம். நீங்கள் ட்வெய்ட்டாவில் ஒரு சின்னத் தொடர்மாடி வீட்டுக்குப் போனீர்கள். அந்த வருடத்தில் நடந்ததைத்தான் நான் எழுதவேண்டும்.

லோறென்ஸ்கூக்கில் இருந்த என் பெரியண்ணாவை உங்களுக்குத் தெரியும். "காரணம் இல்லாமல் ஆரடி புருசனை விடுறது? சனம் உன்னைத்தான் கதைக்கும்" என்றார். பிறகு என்னைக் கேட்காமலே அவர் ஒரு காரணத்தை உண்டாக்கிவிட்டார். ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மூத்த அக்கா என் கையைப் பிடித்தார். "குடிச்சுப்போட்டு வந்து அடிக்கிறவராமே. எவ்வளவு காலம் பொறுத்தனி பிள்ளை" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. பிரிந்தபிறகு என்னை யாரும் தொட்டுக் கதைத்ததில்லை. அடுத்த ஞாயிறு இன்னொருவர் எனக்குக் கறி கட்டித் தந்தார். மூன்று மாதம் நான் அந்தப் பொய்க்குள் வசதியாக இருந்தேன்.

நத்தார் வந்தது. கரோல் குழுவில் முதலில் எடுத்துப் பாடுவது எப்போதும் உங்கள் குரல்தான். அந்த வருடம் உங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. ஏன் என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஷாமினியைக் கொண்டுவந்து விட்டீர்கள். அவள் லிஃப்டில் ஏறிப் போனபிறகு, பனி ஒட்டிய சப்பாத்தோடு வாசலிலேயே நின்றீர்கள்.

"நான் உம்மை அடிச்சனானோ?"

"இல்லை."

"ஒருக்காலாவது கை ஓங்கினனானோ?"

"இல்லையப்பா."

"சரி. சனத்துக்குச் சொல்லாட்டியும் பரவாயில்லை. பிள்ளைக்குச் சொல்லும். தமிழ்ப் பள்ளியிலை ஆரோ கேட்டிருக்கினம். அவள் இப்ப என்னைப் பாத்துப் பாத்துக் கதைக்கிறாள்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பியிருப்பேன்.

மேலே போய் ஷாமினிக்குச் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப நீங்கள் பொய் சொன்னனீங்களோ?"

"நான் சொல்லேல்லை. மற்றவை சொல்லேக்கை பேசாமல் இருந்தனான்."

"ரெண்டும் ஒண்டுதான், அம்மா" என்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிறு கோப்பி குடிக்கும் நேரத்தில் அதே அக்காவிடம் போனேன். பக்கத்து மேசைகளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்: "அவர் குடிக்கிறவர் இல்லை. என்னை ஒருநாளும் அடிக்கேல்லை."

"அப்ப ஏன் விட்டனி?"

"எனக்கு அவரோடை இருக்க ஏலாமல் போச்சுது. அது என்ரை விசயம். அவரிலை பிழை இல்லை."

அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். பெரியண்ணா இரண்டு வருடம் என்னுடன் கதைக்கவில்லை. அதன்பிறகு எனக்கு யாரும் கறி கட்டித் தரவுமில்லை. உங்களை அடுத்த நத்தாருக்குக் கூப்பிட்டார்கள். போனீர்கள். ஆனால் பின்வரிசையில் நின்று மற்றவர்களோடு சேர்ந்துதான் பாடினீர்கள். உங்களிடமிருந்து அந்த முதல் குரலை எடுத்தவள் நான்.

வருடம் முடிந்து விவாகரத்துக் கடிதம் வந்த அன்று நீங்கள்தான் முதலில் தொலைபேசி எடுத்தீர்கள்.

"உமக்கும் வந்துதோ?"

"ஓம்."

"சின்னக் கடிதம்தான், என்ன?"

"ஓம்."

"கோயில் கலியாணப் புத்தகத்திலை இன்னும் நீர் என்ரை மனுசிதான்" என்று சொல்லி மெல்லச் சிரித்தீர்கள். உரிமை கேட்கும் சிரிப்பல்ல அது.

உங்கள் மரண அறிவித்தலை ஷாமினிதான் எழுதினாள். இன்னாரின் அன்புக் கணவரும் என்ற வரி வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். "உங்கடை பேரைப் போடவோ?" வேண்டாம் என்றேன். அவளுடைய அப்பா என்று மட்டும் போட்டோம். உங்கள் இறுதிப் பூசையன்று கோயிலில் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

இப்போது பிரிய நினைக்கும் சிலர் எனக்கு ரகசியமாகத் தொலைபேசி எடுக்கிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது, எங்கே போவது, எவ்வளவு காலம் என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். சட்டம் கேட்காது, உங்கள் வீட்டில் இருப்பவர் கேட்பார், அவருக்குச் சொல்லுங்கள் என்கிறேன். நான் செய்யாததைத்தான் சொல்கிறேன்.

கடைசியாக உங்களைப் பார்த்தது மருத்துவமனையில். முதல்தரம் நெஞ்சு நொந்து கிடந்தபோது, "இப்பவாவது சொல்லுமன்" என்றீர்கள். முதலில் சுகமாகுங்கோ, பிறகு சொல்லுகிறேன் என்றேன். அதன்பிறகு மூன்று கிழமைதான் உயிரோடு இருந்தீர்கள்.

இப்போது சொல்கிறேன். நாங்கள் பிரிவதற்கு முன் நான் பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்கு நாலு நாள் படுத்திருந்தேனே, அப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு நொர்வேஜியக் கிழவி. அவர் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். நான் சொல்லச் சொல்லச் சிரிப்பார். நானும் சிரித்தேன், தையல் நோக நோக. நாலாம் நாள் நீங்கள் என் கோட்டோடு வந்து வாசலில் நின்றீர்கள். உங்களைக் கண்டதும் என் பேச்சு நின்றுவிட்டது. காரில் ரொம்மன் வரை இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. அந்த அமைதியில் நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள். எனக்கு மூச்சு முட்டியது. நீங்கள் திரும்பி "நோகுதோ?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன்.

அதுதான் காரணம். நீங்கள் கேட்ட அன்றே சொல்லியிருந்தால், அடுத்த நாளிலிருந்து என்னைச் சிரிக்கவைக்க நீங்கள் பாடுபட்டிருப்பீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உங்களை விட்டுப் போயிருக்கமுடியாது.