உன் அறையில் அடிக்கும் அலாரம்

போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வறுத்த வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை, வாங்கிய கவரில் ஒரு பென் டிரைவைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். "அக்காவோட லேப்டாப்ப நான் வச்சிக்கினேங்க்கா. எல்லாத்தையும் அழிக்கிறதுக்கு முன்னாடி பார்த்தேன், உங்க ரெண்டு பேரு ஆட்டமும் அதுல இருந்துச்சு. உங்களுதாச்சேன்னு காப்பி பண்ணிக்கினு வந்தேன்" என்றான். பென் டிரைவில் மல்லாட்டை வாசனை இன்னும் போகவில்லை. நீ இருந்திருந்தால் அதை வைத்தே அவனை ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

நீ போய் ஒரு வருடத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஆட்டத்தில் நாம் கட்டிய விண்வெளி நிலையத்தை அன்றைக்குத்தான் திறந்தேன். நீ விழுப்புரத்தில், நான் திண்டிவனத்தில். பாலிடெக்னிக் முடிந்ததும் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு ஹெட்போன் மாட்டினால்தான் நமக்குச் சந்திப்பு. சுட்டு வீழ்த்த எதிரி கிடையாது, ஜெயிக்கக் கோப்பை கிடையாது. அறைகளில் இருக்கிற காற்றைக் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த விளையாட்டும். இதில் என்ன இருக்கிறது என்று ஆரம்பத்தில் நான் முகம் சுளித்தேன்.

அறைகளுக்கு நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்தது நீ. செடி வளர்க்கும் அறை வல்லம். நான் படுக்கும் அறை என் ஊர் பெயரில் ஒலக்கூர். கடைக்கோடியில் ஜன்னல் வைத்த அறையை நீ எடுத்துக்கொண்டு பொம்மையார்பாளையம் என்றாய். கடல் காற்று வேண்டுமாம் மகாராணிக்கு. ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு சிறிய பெட்டி இருக்கும். காற்றழுத்தம், ஆக்சிஜன், கரியமில வாயு, சூடு எல்லாம் அதில் எண்ணாக ஓடும். எது கூடினால், எது குறைந்தால் அலாரம் அடிக்க வேண்டும் என்பதை நாமே அதில் சொல்லி வைக்கலாம்.

முதல் மாதம் நான் செய்த கூத்து உனக்கு மறந்திருக்காது. சமையல் மேடையில் எதுவோ தீய்ந்து வல்லம் முழுக்கப் புகை. நம் ஊரில் வீட்டுக்குள் புகை வந்தால் என்ன செய்வோம்? ஓடிப் போய்க் கதவைத் திறப்போம். நானும் திறந்தேன். வெளிக்கதவை. புகை போனது. கூடவே காற்று, சூடு, இரண்டு வாரம் வளர்த்த செடிகள் எல்லாம் போயின. ஹெட்போனில் உன் சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"அடியே, வெளிய காத்தே இல்லடி. இன்னாத்துக்குக் கதவத் தெறந்த?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு தாண்டி."

அதன் பிறகு எனக்கு இந்தக் காற்று விஷயத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. மூடிய அறையில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டாலே காற்று கெடுகிறது என்பதைப் பெட்டியில் எண் ஏறுவதைப் பார்த்துத்தான் நம்பினேன். எங்கள் ஆபீசில் மூன்று மணிக்கு எல்லோரும் கொட்டாவி விடுவதைச் சொன்னபோது, ஏசி சர்வீஸ் கடையில் போன் எடுக்கிற நீ சிரித்தாய். "ஏசி புதுக் காத்து குடுக்காதுடி. உள்ள இருக்கிற காத்தையேதான் குளிர வச்சிக்கினு இருக்கும். ஜன்னலத் தெறங்க." இன்றும் மூன்று மணிக்கு ஜன்னலைத் திறக்கிறேன். மானேஜர் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

ஆனால் ஒலக்கூர் அறையின் காற்றாடி இரைச்சல் மட்டும் எனக்கு ஆகாது. காதுக்குள் ஙொய்யென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டு மறந்துவிடுவேன். கரியமில வாயு ஏறித் திரை மங்கும் நேரத்தில் கதவு திறக்கும், நீ முகமூடியோடு நிற்பாய். ஏழெட்டு முறை இப்படி நடந்திருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மூக்கு வேர்த்துச்சு" என்பாய், அவ்வளவுதான். நான் அறைக்குள் இருக்கும்போது நிலையத்துக்கு வெளியே போய்த் தாதுக் கல் வெட்டி வரச் சொன்னால் மட்டும் போக மாட்டாய். "நான் ரூம்லயே இருக்கேன், அப்புறமா போறேன்." சோம்பேறி என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தபோது வல்லத்தில் செடிகள் பட்டுப்போயிருந்தன. ஆக்சிஜன் ஒரே ஒரு சிலிண்டர்தான் மிச்சம். ஆள் இல்லாத அறையின் காற்றை உறிஞ்சி எடுத்தால் நான் பிழைத்துக்கொள்ளலாம். ஆள் இல்லாத அறை எது என்று உனக்கே தெரியும். மனமில்லாமல்தான் பொம்மையார்பாளையத்துக்குப் போனேன். உறிஞ்சச் சொல்லும் பொத்தானுக்காகப் பெட்டியைத் திறந்தேன்.

அதில் இரண்டு வரிசை எண்கள் ஓடின. ஒன்று உன் அறையுடையது. இன்னொன்றுக்கு மேலே ஒலக்கூர் என்று எழுதியிருந்தது. என் அறையில் காற்று கெட்டால் உன் அறையில் அலாரம் அடிக்கும்படி இணைத்து வைத்திருந்தாய். அதைக் கேட்கத்தான் நகராமல் உட்கார்ந்திருந்தாய்.

என் அறைப் பெட்டியை ஓடிப் போய்ப் பார்த்தேன். அதில் என் எண்கள் மட்டும்தான் இருந்தன. ஆட்டத்துக்கு வெளியேயும் அப்படித்தான். ஹெட்போனில் உன் குரல் மெலிந்துகொண்டே வந்தது. ஆட்டத்தின் நடுவில் பத்து நிமிடம் காணாமல் போவாய். கேட்டால், "ஒண்ணுமில்லடி, கேஸ் டிரபுள்" என்பாய். நானும் சரி என்று கல் வெட்டப் போனேன். இரண்டு மாதம் இப்படியே போயிருக்கிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு உன் தம்பி சொல்லித்தான் உன் நோய் எனக்குத் தெரிந்தது. உன்மேல் கோபம் இருக்கிறது. அதைவிட என்மேல் அதிகம். இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

உறிஞ்சும் பொத்தானை நான் தொடவில்லை. இருந்த ஒரு சிலிண்டரை வைத்தே வல்லத்தில் விதை போட்டேன். முளைத்துவிட்டது. உன் அறை எண்களையும் என் பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டேன். சூடு முப்பதிலேயே இருக்கிறது, ஏசி கடையில் வேலை பார்த்தும் உனக்குக் குளிர் ஆகாது. இந்த வாரமெல்லாம் உன் தம்பி போனில் ஒண்ணுமில்லக்கா என்று சொன்னால் விடுவதில்லை, மறுபடி கேட்கிறேன். பேஜாரு பண்றீங்கக்கா என்கிறான், சொல்லட்டும்.

இன்று மதியம் ஒரு சந்தேகம் வந்தது. அந்த அலாரம் இன்னும் வேலை செய்கிறதா? என் அறைக் காற்றாடியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எண் ஏறியது, திரை மங்க ஆரம்பித்தது. கடைக்கோடியில் உன் அறையில் அலாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே எழுந்து காற்றாடியைப் போட்டேன்.